ஓவர் முடியட்டும், சொல்றேன்

மதுரையில் விமானம் இறங்கியதும் டாக்சிக்காரர்கள் என் பெட்டியைப் பிடித்துக்கொண்டார்கள். நானும் விடவில்லை. முப்பது வருடமாகக் கடல் தாண்டி ஈப்போவில் தையல் கடை வைத்திருக்கிறேன் என்றாலும் பிறந்தது மேலூர் போகும் வழியில் ஒத்தக்கடை. சொந்த ஊருக்கு டாக்சியில் போனால் ஊர் என்னை விருந்தாளி என்று நினைத்துவிடாதா? வீம்பாக அவனியாபுரம் வந்து ஷேர் ஆட்டோவில் ஏறினேன். உள்ளே ஏற்கெனவே ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம். என் பெட்டியை மடியில் வாங்கிக்கொண்ட அம்மாள் யாரென்று இன்றுவரை தெரியாது. ஓட்டுநர் இன்னும் ஒருவரைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"தம்பி, எங்க ஊர்ல இதுல பாதிப் பேரை ஏத்துனாலே போலீஸ் பிடிச்சிரும்" என்றேன்.

"இருக்குற எடத்தைப் பங்கு போட்டாத்தேன்க்கா அது ஷேர். இல்லேன்னா வெறும் ஆட்டோ" என்றார் அவர்.

இந்த மாதிரி ஒரு வார்த்தை கேட்பதற்காகவே நான் விமானம் ஏறுவேன். சுங்குடிச் சேலை வாங்கப் போகிறேன் என்பதெல்லாம் வீட்டுக்காரரிடம் சொல்லும் காரணம். இந்தத் தடவை சொல்லாத காரணம் ஒன்றும் இருந்தது. என் தம்பி ராசு.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டது, அங்கிருந்து மேலூர் பஸ். ஜன்னலோர இடம், விழித்த கண், எல்லாம் இருந்தும் ஒத்தக்கடையைத் தாண்டிப் போய்விட்டேன். வரிசை வரிசையாகப் புது வீடுகள், கல்லூரிப் பலகைகள். இது வேறு ஏதோ ஊர் என்று சட்டமாக உட்கார்ந்திருந்தேன். மேலூரில் நடத்துநர் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தூங்கிட்டு வர்றவுங்கள எழுப்பிரலாம். கண்ணைத் தொறந்துக்கிட்டே தாண்டி வர்றவுங்கள நான் என்னக்கா பண்றது?"

திரும்பி வேறு பஸ் பிடித்து வந்து வீட்டு வாசலில் கால் வைக்கிறேன். உள்ளே மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் இருந்த ராசு தலையைத் திருப்பாமலே கேட்டான்: "என்னக்கா, மேலூரு வரைக்கும் போயிட்டா வார?"

"யாருடா சொன்னா?"

"பஸ்ஸு எதுத்த பக்கம்ல நின்னுச்சு. பெட்டிச் சக்கரம் ரோட்டைத் தாண்டி வந்துச்சு."

கண் தெரிகிற நான் ஊரைத் தவறவிட்டேன். கண் தெரியாத அவன் நான் தவறவிட்டதைக் கண்டுபிடித்துவிட்டான்.

ராசுவுக்குக் கண்ணில் அழுத்தம் ஏறி, இரண்டு வருடத்துக்கு முன்னால் பார்வை முழுக்கப் போய்விட்டது. திரும்பாது என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். எலக்ட்ரிக்கல் கடையை அவன் மனைவி வள்ளி பார்த்துக்கொள்கிறாள். கடை பெரிய விஷயமில்லை. ராசு இந்தப் பக்கத்தில் 'மைக் ராசு'. சுற்றுவட்டாரக் கிராமங்களில் டென்னிஸ் பந்து கிரிக்கெட் போட்டி எங்கே நடந்தாலும் புளியமரத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் இவன் வர்ணனைதான். எதிரணிக்காரன் சிக்ஸர் அடித்தாலும் இவன் சொல்லும் அழகுக்குக் கைதட்டல் விழும். சின்ன வயதில் இவன் சொல்லச் சொல்ல விசில் அடிப்பது என் வேலை. இரண்டு விரலை மடக்கி வைத்து அடிக்கும் அந்த விசில் ஈப்போவிலும் உதவுகிறது. மாடிக் கடையிலிருந்து ஒன்று விட்டால் தெருவுக்கு அந்தப்புறம் காப்பிக் கடைச் சீனர் கையைத் தூக்கிக் காட்டுவார், பத்து நிமிடத்தில் வெள்ளைக் காப்பி வந்துவிடும்.

அப்படிப்பட்டவன் இந்த இரண்டு வருடமாக வாசல்படி தாண்டுவதில்லை. "ஏண்டி?" என்று வள்ளியைக் கேட்டேன். "என்னத்தச் சொல்ல மதினி. கம்பு வாங்கிக் குடுத்தாச்சு, நானும் கூப்பிட்டுப் பாத்துட்டேன். வெளிய வேணாங்குறாரு. காரணம் கேட்டா மோட்டுவளையப் பாக்குறாரு" என்றாள். அன்றைக்கு அயிரை மீன் குழம்பு வைத்திருந்தாள். அந்தச் சின்ன மீனை முள் பார்க்காமல் அப்படியே வாயில் போட்டுக்கொண்டு, அயிரையே கிடைக்காத ஈப்போ மீன் சந்தையை மனதுக்குள் மன்னித்தேன். ராசு இரண்டு வாய்தான் சாப்பிட்டான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கீழவாசல் பக்கம் போய்ச் சேலை வாங்கித் திரும்பினால், வீட்டில் ஒருவர் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் ஆனந்தன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர், வங்கியில் வேலை, வண்டியூரில் வீடு. பார்வையற்றோர் கிரிக்கெட் அணிக்குத் தலைவர், ராசுவுக்குக் கடை வழியாகப் பழக்கம். மடக்குக் கம்பை மடியில் வைத்துக்கொண்டு காப்பியை ஊதி ஊதிக் குடித்தார்.

"அக்கா, நீங்களே நாயம் சொல்லுங்க" என்று என் பக்கம் திரும்பினார். "எங்க ஆட்டத்துல பாதிப் பேருக்குக் கொஞ்சங் கொஞ்சம் தெரியும். ஆனா நாலு பேரு முழுசா தெரியாதவுங்களா இருக்கணும், அது சட்டம். எங்க நாலாவது ஆளுக்கு ஆபரேஷன் பண்ணி ஒரு கண்ணு லேசாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. பாவிப் பய, கழுத்தறுத்துட்டான்!"

நான் சிரித்ததில் சேலைப் பை கீழே விழுந்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமை இதே ஒத்தக்கடை மைதானத்துல ஆட்டம். ஆளு இல்லேன்னா ஆடாமயே தோத்ததா எழுதிருவாய்ங்க. மாப்ளைய வந்து சும்மா நில்லுங்குறேன். பந்து தரையில ஒரு குத்துக் குத்துன பெறகு பிடிச்சாக்கூட இவருக்கு அது கேட்ச். இம்புட்டுச் சலுகை ஒலகத்துல எவன் தருவான்?"

"ஆளை விடுங்கண்ணே. என்னால ஆகாது" என்றான் ராசு.

"நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு மாப்ள. யோசிச்சு வேணாம்னு சொல்லு" என்று சொல்லிவிட்டுக் கம்பைத் தட்டிக்கொண்டு போனார். பஸ் ஏற்றிவிட நான் எழுந்தபோது, "ஒக்காருங்கக்கா. நான் உங்களை மாதிரி மேலூரு போயிற மாட்டேன்" என்றார். செய்தி அதற்குள் பரவியிருந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் ராசுவை வம்படியாக வண்டியூர்த் தெப்பக்குளத்துக்குக் கூட்டிப் போனேன். தண்ணீர் நிறைய இருந்தது. சுற்றுச்சுவரில் உட்கார்ந்து சுடச்சுடப் பருத்திப்பால் குடித்தோம். ஈப்போவில் இதைச் சொன்னால் பஞ்சிலிருந்து பாலா என்று சிரிக்கிறார்கள். கருப்பட்டியும் சுக்கும் நெஞ்சுக்குள் இறங்கும்போது எந்த ஊர்க் காப்பியும் நினைவுக்கு வரவில்லை. சுண்டல்காரர், பலூன், குழந்தைகள், மோட்டார் சைக்கிள்கள். ராசு மட்டும் டம்ளரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க உட்கார்ந்திருந்தான்.

"என்னடா செய்யுது?"

டம்ளரைச் சுவரில் வைத்தான். அப்புறம், "நீ அடுத்த வாரம் பிளேன் ஏறிருவ. அதான் ஒன்ட்ட சொல்றேன். வள்ளிட்டயோ கயல்ட்டயோ சொல்லிப்புடாத" என்றான். கயல் அவன் மகள். பெங்களூரில் மூளையைப் பற்றிப் படிக்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள்.

"சத்தம் கேட்டா எனக்குப் படம் வருதுக்கா. பஸ்ஸு சத்தம் வந்தா பஸ்ஸு தெரியுது, கலரோட. இட்லியத் தொட்டா வெள்ளையாத் தெரியுது. வள்ளி வளையச் சத்தத்துல அவ மொகம் வருது. இப்ப அந்தா பலூன் கீச்சுன்னுச்சுல்ல? செவப்பு. ஆனா எல்லாம் இல்லாததுதான? கண்ணு போச்சு, சரி. மூளையும் கலங்குது போல. வெளிய வந்தா சத்தம் சாஸ்தி, படமும் சாஸ்தி. நாலு பேரு மத்தியில எதையாவது ஒளறிட்டேன்னா? கயலைப் பொண்ணு பாக்க வர்றவன், அப்பன் பைத்தியம்னு போயிற மாட்டான்?"

இதற்காகவா இரண்டு வருடம்! "அதெல்லாம் ஒண்ணும் இருக்காதுடா" என்று சொன்னேன். ஆனால் எட்டாவது வரை படித்தவள் சொல்லும் 'ஒண்ணும் இருக்காது'க்கு என்ன மதிப்பு? அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பலூனைத் திரும்பிப் பார்த்தேன். மஞ்சள். சொல்லவில்லை.

வாக்குக் கொடுத்தாகிவிட்டது, கயலிடம் சொல்லக்கூடாது. ஆனால் என்னைப் பற்றிக் கேட்கக்கூடாது என்று யார் சொன்னது? சனிக்கிழமை காலை, ராசு நாற்காலியில் இருக்கும்போதே, கூடத்தில் கயலைப் பிடித்து உட்காரவைத்தேன். "ஏண்டி, நான் கண்ணை மூடிக்கிட்டுத் துணியைத் தொட்டாலும் பூவேலை கண்ணு முன்னாடி தெரியுது. அது எப்படி?"

அவ்வளவுதான், பிள்ளைக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒரு துண்டை எடுத்து என் கண்ணைக் கட்டினாள். நான் வாங்கி வந்த சுங்குடியில், புள்ளி விழுவதற்காகக் கட்டிய முடிச்சை இன்னும் அவிழ்க்காத சேலை ஒன்று இருந்தது. அதை விரித்து என் விரலை மேலே வைத்தாள். "தடவிப் பாருங்க அத்தை. என்ன தெரியுது?"

முடிச்சு முடிச்சாக விரலில் ஏறியது. "கட்டம். கட்டத்துக்கு நடுவுல ஒரு சக்கரம். அரக்குச் சேலைடி இது."

"கட்டம் எங்க தெரியுது? விரல்லயா?"

"விரல்ல எங்கடி தெரியும்? முன்னாடிதான்."

"அதான் அத்தை! பின்மண்டையில பார்வைக்குன்னு ஒரு எடம் இருக்கு. கண்ணு அனுப்புறதை மட்டும் வாங்கிட்டு உக்காந்திருக்கிற எடம்னு ரொம்ப நாளா நெனச்சாங்க. அப்படி இல்ல. விரலு அனுப்புறது, காது அனுப்புறது, எதிர்பார்ப்பு, ஞாபகம், எல்லாம் அங்க போய்க் கலக்குது. பார்வை இல்லாதவங்க புள்ளி எழுத்தைத் தடவிப் படிக்கறப்ப அந்த எடம் வேலை செய்யுது. கண்ணு தெரியறவங்களுக்கும் விரலால கோடு எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்கச் சொன்னா அது வேலை செய்யும். முக்கியமா, ஒரு வேலையைக் குடுக்கணும். இது கட்டமா, சக்கரமா, பந்து எங்க போகுது, இப்படி. வேலை குடுத்தா அதுவும் எந்திரிச்சு வந்து நிக்கும்."

"அப்ப எல்லாம் கண்டுபிடிச்சாச்சா?"

"எங்க? எது எவ்வளவுன்னு இன்னும் சண்டை போட்டுட்டுத்தான் இருக்காங்க."

துண்டை அவிழ்த்தேன். கட்டம் சரி. சக்கரம் சரி. "சேலை பச்சை அத்தை!" என்றாள் கயல்.

நாற்காலியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். ராசு சிரித்துக்கொண்டிருந்தான். கயல் சொன்ன நிறத்தைக் கேட்டுவிட்டான். "தையக்காரி! பச்சைச் சேலையைப் போயி அரக்குன்னியாக்கா?" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டான். கடையிலிருந்து வள்ளி ஓடிவந்து நிலைப்படியில் நின்றாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்றோ, அவள் முகத்தில் தெரிந்தது.

சிரிப்பு அடங்கியதும் அவனே கேட்டான். "கயலு, எனக்கும் அப்படித்தேன். சத்தம் கேட்டா படம் வருது. கலரு கூட. அது... கோளாறு இல்லையா?"

கயல் எழுந்து போய் அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்தாள். "கோளாறு இல்லப்பா. அம்பது வருஷம் பார்த்த எடம், சும்மா இருக்கச் சொன்னா இருக்குமா? காது குடுக்குறதை வாங்கிப் பழைய கலரைப் போட்டுத் தருது. கலரு சில நேரம் தப்பா இருக்கும், அத்தைக்கு இப்ப வந்த மாதிரி. எதுக்கும் டாக்டர்ட்டயும் சொல்லுவோம். அவங்களுக்கு இது புதுசு இல்ல. ஏம்ப்பா இத்தனை நாள் சொல்லல?"

அவன் செல்போனைத் தடவி எடுத்து ஆனந்தனைக் கூப்பிட்டான். எல்லாவற்றையும் கொட்டினான், படம், கலர், பின்மண்டை, வேலை. ஒலிபெருக்கியில் ஆனந்தனின் குரல் கூடமெல்லாம் கேட்டது: "அப்ப எனக்கும் அந்த எடம் வேலை செய்யுதாமா? பொறந்ததுல இருந்து காலியாக் கெடக்குன்னுல மாப்ள நெனச்சேன்! சரி, பந்து ஒனக்கு எந்தக் கலர்ல வந்தா எனக்கென்ன? நாளைக்கு ஒம்பது மணிக்கு வந்துரு."

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் நல்ல கூட்டம். ஊரை ஒட்டிய ஆனைமலை வெயிலில் யானை போலவே படுத்துக் கிடந்தது. பந்து வெள்ளைப் பிளாஸ்டிக், உள்ளே சின்ன இரும்பு உருண்டைகள். உருட்டினால் சலசலவென்று ஓடும். வீசுபவர் "ரெடியா?" என்று கேட்க, ஆடுபவர் "ரெடி" என்று சொல்ல, "ப்ளே" என்று குரல் கொடுத்துத் தரையோடு வீசுகிறார். மட்டையாளர் மண்டிபோட்டுத் தரையைக் கூட்டுவதுபோல அடிக்கிறார். பார்க்கப் பார்க்க அழகு.

ஆனந்தன் அணி முதலில் ஆடியது. ஆனந்தன் முதல் பந்தையே பெருக்கித் தள்ளினார். பந்து எல்லையை நோக்கி ஓடியது. எனக்கு எங்கிருந்து வந்ததோ ஆவேசம், இரண்டு விரலையும் வாயில் வைத்து ஒன்று விட்டேன். ஆனைமலையில் பட்டுத் திரும்பியிருக்கும். பந்தை எல்லைக்கு முன்னால் ஒருவர் மறித்துவிட்டார். என் விசில் சத்தத்தில், ஆனந்தனுக்குப் பதிலாக ஓடுகிறவர் "வேணாம், நில்லு" என்று கத்தியது எதிர்முனையில் இருந்தவருக்குக் கேட்கவில்லை. அவர் பாட்டுக்கு ஓடிவர, வேறு வழியில்லாமல் இவரும் ஓட, ஆனந்தன் ரன் அவுட்.

பெஞ்சுக்குத் திரும்பியவர் கேட்டார்: "யாருய்யா அந்த விசிலு? நம்மாளா, அவிய்ங்க ஆளா?"

"எங்க அக்கா" என்றான் ராசு.

"அப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல. அடுத்த வாட்டி அவிய்ங்க ஆடுறப்ப அடிங்கக்கா."

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். கூட்டம் பொத்துமா? ஒவ்வொரு அடிக்கும் விசில், "அப்படிப் போடு", டீக்கடைப் பக்கமிருந்து தகரத் தட்டு. வெளியூர் நடுவர் "சைலன்ஸ், சைலன்ஸ்" என்று கெஞ்சினார். எனக்குப் பக்கத்தில் கடலை கொறித்த ஒருவர் நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "சத்தமே போடாம பாக்கணும்னா அதுக்கு எதுக்குய்யா கிரிக்கெட்டு? பரீட்சை எழுதலாம்." ஆடுகிறவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றும் பந்து யாருக்கும் கேட்கவில்லை. நடுவர் ஆட்டத்தை நிறுத்திவிடுவேன் என்று அறிவித்தார்.

ராசு எழுந்தான். சவுண்டு சர்வீஸ்காரர் இருந்த பக்கம் கையை நீட்டினான். "மைக்கைக் குடு."

"ராசு அண்ணே!" என்று அவர் வயரில்லாத மைக்கைக் கொண்டுவந்து கையில் வைத்தார். ராசு அதை ஒரு தடவை தட்டினான். குழாயில் அந்தக் குரல் வந்தபோது மைதானம் திரும்பிப் பார்த்தது.

"அன்பார்ந்த ரசிகப் பெருமக்களே, ராசு பேசுறேன். ரெண்டு வருசமா லீவுல இருந்தேன். பந்து உருள்ற சத்தந்தேன் இங்க ஆடுறவுங்களுக்குக் கண்ணு. நீங்க விசிலடிச்சா அவுங்க கண்ணைப் பொத்துறீங்கன்னு அர்த்தம். வாயை மூடச் சொல்லல, நம்ம ஊர்ல அது நடக்காது. ஒரு ஓவர் மட்டும் பொறுங்க. ஓவர் முடியட்டும், சொல்றேன். நான் சொன்ன பெறகு அடிங்க, எம்புட்டு வேணும்னாலும் அடிங்க."

அடுத்த ஓவரில் காக்கை கத்தியது கேட்டது. அப்புறம் ராசு சொன்னான். எந்தப் பந்து மட்டையின் எந்த இடத்தில் பட்டது, எவன் பாய்ந்து விழுந்தான், எவன் நாக்கைத் துருத்திக்கொண்டு ஓடினான் என்று. "நாக்கெல்லாம் துருத்தலண்ணே!" என்று சுவர்மேல் இருந்து ஒரு பையன் கத்தினான். "துருத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும்ல?" என்றான் ராசு. விசில் பறந்தது. கடலை கொறித்தவர் என்னிடம் சொன்னார்: "நான் பாத்ததை விட இவரு பாத்தது நல்லாருக்கே!"

எதிரணி ஆட வந்தபோது ராசு மைக்கை இடுப்பில் செருகிக்கொண்டு களத்தில் நின்றான். ஓவர் நடக்கும்போது ஆட்டக்காரன், முடிந்ததும் வர்ணனையாளர். வள்ளி என் கையைப் பிடித்த பிடி இன்றைக்கும் வலிக்கிறது. கடைசி ஓவர். கடைசிப் பந்து. அவர்கள் ஜெயிக்க ஒரு நான்கு தேவை. "ரெடியா?" "ரெடி." "ப்ளே."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். சலசல. மட்டையில் டக். பந்து எழும்பியதும் சத்தமே இல்லை. இந்த இடம்தான் பயம். பிறகு எங்கேயோ தரையில் ஒரு குத்து, ஒரு சின்னக் கலகலப்பு, ஒரு 'ஹக்' என்ற மூச்சு. கண்ணைத் திறந்தால், ராசு முட்டிபோட்டு உட்கார்ந்திருக்கிறான். இரண்டு கையும் நெஞ்சோடு. கைக்குள் பந்து.

"அவுட்!" என்று நடுவர் கத்தினார்.

ஒரு விசில் இல்லை. ஒரு தகரத் தட்டு இல்லை. ஆனந்தன் மட்டும், "யாரு? யாரு பிடிச்சா?" என்று கேட்டுக்கொண்டு நின்றார். அத்தனை பேரும் பார்த்தார்கள், கண்ணால் பார்த்தார்கள். இருந்தும் அவன் சொல்லட்டும் என்று காத்திருந்தார்கள். சுவர்மேல் இருந்த பையன் வாயில் வைத்த விரலை எடுக்காமல் காத்திருந்தான்.

ராசு ஒரு கையால் இடுப்பைத் துழாவி மைக்கை எடுத்தான். மூச்சு வாங்கியது குழாயில் கேட்டது.

"ரசிகப் பெருமக்களே... பந்து மேல போச்சு. எனக்கு ஒண்ணுந் தெரியல. பெறகு முன்னால ஒரு குத்துக் குத்துச்சு. அப்பத் தெரிஞ்சுச்சு. செக்கச்செவேர்னு, சூரியன் கணக்கா, நேரா என்னையப் பாத்து வந்துச்சுய்யா!"

அவன் கையில் இருந்த பந்து பால் வெள்ளை. அந்த மைதானத்தில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை.

முதல் விசில் என்னுடையது.